சென்னைக்கு மிக அருகில், ஃபார்முக்கு அதைவிட அருகில்

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை மெட்டா நிறுவனம் 'ஆட் லைப்ரரி' என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறது. நாடு இந்தியா, வகை எல்லா விளம்பரங்களும் என்று தேர்ந்தெடுத்து, தேடும் கட்டத்தில் செம்பாக்கம் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் நம்ம ஏரியா வீட்டு விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கும். கூகுளும் 2023 மார்ச்சில் இதே மாதிரி ஒன்றைத் திறந்தது. அதில் ஊர் பெயரை வைத்துத் தேட முடியாது, விளம்பரம் கொடுத்தவர் பெயரோ இணையதள முகவரியோ தெரிந்திருக்கணும். கொஞ்ச நாளாக இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு இதுதான் சீரியல்.

இன்னொரு பக்கம், 'பில்டர்களுக்கான லீட் ஜெனரேஷன்' என்று டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனிகள் அனுப்பும் பிடிஎஃப்களையும் படித்து வருகிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சின்ன பில்டர்கள் இதெல்லாம் சரியா என்று கேட்டு ஃபார்வர்டு செய்வார்கள். நான் மார்க்கெட்டிங் ஆள் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் இந்த விளம்பரம் எங்கே யாருக்குக் காட்டப்படும் என்பதை முடிவு செய்வது சாஃப்ட்வேர்தான் என்பதால், எனக்கும் இதில் ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் விளம்பரங்களின் முகத்தைப் பார்ப்போம். எல்லாம் ஒரே முகம். சாயங்கால வானம், எல்லா ஜன்னலிலும் மஞ்சள் விளக்கு, கண்ணாடி பால்கனி, வாசலில் ஒரு வெளிநாட்டுக் கார், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. கம்ப்யூட்டரில் செய்த எலிவேஷன் படம். உண்மையில் அந்தக் கட்டடம் 20 அடி தெருவில், இபி ஒயருக்குக் கீழே, ஒரு டாடா ஏஸ் வண்டி நிரந்தரமாக நிற்கும் இடத்துக்கு எதிரில் இருக்கும். மேலே 'லக்ஸுரி', கீழே 'பிரீமியம்', நடுவில் 'ஸ்டார்டிங் ஃப்ரம்'. பிறகு நிமிடக் கணக்கு: தாம்பரம் ஸ்டேஷன் இத்தனை நிமிஷம், மேடவாக்கம் இத்தனை நிமிஷம், 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து கிளாம்பாக்கமும் இத்தனை நிமிஷம். கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் கிலோமீட்டரை மேப்பில் சரிபார்த்துவிடலாம். நிமிஷத்தை யார் சரிபார்ப்பது? காலை எட்டரை மணிக்கு வேளச்சேரி மெயின் ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலையும் கேம்ப் ரோடு சிக்னலையும் தாண்டியவர்களுக்கு அந்த நிமிஷத்தின் மதிப்பு தெரியும்.

இது புது வியாதி இல்லை. இரண்டாயிரங்களிலும் அதற்குப் பிறகும் சனி, ஞாயிறு காலையில் டிவி போட்டவர்களுக்கு 'சென்னைக்கு மிக அருகில்' ஞாபகம் இருக்கும். சீரியல் நடிகர்கள் வெயிலில் நின்று பிளாட் கல்லைக் காட்டுவார்கள். சென்னைக்கு மிக அருகில் என்றால் அச்சிறுபாக்கமாகவும் இருக்கும், திண்டிவனமாகவும் இருக்கும். அந்த வரியே பின்னாளில் கிண்டலாகிவிட்டது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதோடு அந்தக் கடை பாதி சாத்தப்பட்டது. ஆனால் டிவி விளம்பரத்தில் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எல்லாருக்கும் ஒரே பொய்தான். நீங்கள் பார்த்ததையே பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க முடிந்தது. இப்போது உங்களுக்கு வருவது அவருக்கு வராது.

சரி, மெஷினுக்குள் போவோம். இந்தக் கட்டுரையின் காரணமே அதுதான்.

மெட்டாவில் விளம்பரம் போடும்போது உங்கள் குறிக்கோள் என்ன என்று முதலில் கேட்பார்கள். பில்டருக்காக ஏஜென்சி தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் 'லீட்ஸ்'. விளம்பரத்தைத் தொட்டதும் அங்கேயே ஒரு ஃபார்ம் திறக்கும். பெயர், போன் நம்பர், இமெயில் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும், சப்மிட் அழுத்தினால் போதும். அந்த நொடியிலிருந்து மெஷின் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: எந்த மாதிரி ஆள் ஃபார்மை நிரப்புகிறான்? அவனைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து அடுத்து அவர்களுக்குக் காட்டும். யார் வீடு வாங்குகிறான் என்பது அதற்குத் தெரியாது, யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை. ஃபார்ம் நிரப்பும் ஆளும் வீடு வாங்கும் ஆளும் ஒருவரே என்பது ஏஜென்சியின் நம்பிக்கை மட்டுமே. பஸ்ஸில் நின்றபடி கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது தெரியாமல் சப்மிட் ஆனவர்கள், விலை என்னதான் சொல்றான் பார்ப்போம் என்று அழுத்தியவர்கள், மற்ற பில்டரின் ஆட்கள், புரோக்கர்கள் எல்லாரும் அந்த எக்ஸெல் ஷீட்டில் 'லீட்' என்ற ஒரே பெயரில் வருகிறார்கள்.

இதற்கு ஏஜென்சிக்காரர்களில் விவரமானவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஃபார்மை அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை உறுதி செய்யச் சொல்லும் வகை இருக்கிறது, அதைப் போடலாம். அல்லது யார் உண்மையில் சைட்டுக்கு வந்தார்கள், யார் அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்ற தகவலைத் திரும்ப மெட்டாவுக்கே அனுப்பி, 'இந்த மாதிரி ஆளைத் தேடு' என்று சொல்லலாம். இரண்டும் நல்ல யோசனைதான். இரண்டாவது யோசனையில்தான் சிக்கல். ஒரு விளம்பரத் தொகுப்பு கற்றல் நிலையைத் தாண்டி நிலைப்படுவதற்கு வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வுகள் வேண்டும் என்று மெட்டாவே தன் உதவிப் பக்கங்களில் சொல்லிவந்திருக்கிறது. நிகழ்வு என்பது நீங்கள் எதைக் குறிக்கோளாக வைத்தீர்களோ அது.

இப்போது செம்பாக்கத்தின் வழக்கமான பில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிரவுண்ட் நிலம், ஸ்டில்ட்டுக்கு மேல் சில மாடி, மொத்தம் 8 வீடு. நிலத்துக்காரருக்குப் பங்கு போக அவர் கையில் விற்பதற்கு இருப்பது 4 அல்லது 5. அவருடைய மொத்தத் திட்டமும் முடிவதற்குள் மெஷினுக்குக் கொடுக்க அவரிடம் இருப்பது 5 விற்பனை. வாரத்துக்கு 50 எங்கே, ஒன்றரை வருஷத்துக்கு 5 எங்கே? வீடு வாங்குபவன் எப்படி இருப்பான் என்று அவரால் அந்த மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கவே முடியாது. சைட் விசிட்டைக் குறிக்கோளாக வைத்தாலும் வாரத்துக்கு 50 பேர் வரமாட்டார்கள், வந்தாலும் தெருவில் வண்டி நிறுத்த இடம் இல்லை. ஆக அவரால் கற்றுக்கொடுக்க முடிந்தது ஃபார்ம் நிரப்புவதை மட்டும்தான், ஏனென்றால் அந்த எண்ணிக்கை ஒன்றுதான் 50-ஐத் தொடும். ஓஎம்ஆரிலோ ஜிஎஸ்டி ரோட்டிலோ நூற்றுக்கணக்கில் வீடு கட்டும் பெரிய கம்பெனிக்கு இந்தப் பிரச்சினை குறைவு. வாரக் கடைசியில் வருகிறவர்களின் கணக்கே அவர்களுக்குப் போதும். இந்தக் கருவி திருட்டுத்தனமானது என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை அதிகம் உள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. அதை 8 வீட்டுக்காரருக்கு அதே வாக்குறுதியோடு விற்பதுதான் என் ஆட்சேபம்.

மாதக் கடைசியில் வரும் ரிப்போர்ட்டைப் பாருங்கள். 'ஒரு லீட்டின் விலை குறைந்தது' என்று பச்சை அம்புக்குறி போட்டிருக்கும். கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம்: போன மாதம் 40,000 ரூபாய்க்கு 100 லீட், இந்த மாதம் அதே காசுக்கு 200 லீட். விலை பாதியாகிவிட்டது, கைதட்டலாம். ஆனால் அந்த 200 பேருக்கும் போன் பண்ண வேண்டியது பில்டரின் மச்சான். பாதிப் பேர் எடுக்கமாட்டார்கள், எடுத்தவர்களில் பாதி 'நான் எதுவும் கேட்கலையே' என்பார்கள். அவருக்குப் போன் வேலை இரண்டு மடங்காகியிருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பதைப் பொருளாதாரக்காரர்கள் குட்ஹார்ட் விதி என்பார்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் தாம்பரம் தாலுகாவில் கிடைக்காது.

பக்கத்திலேயே பழைய முறையையும் வைத்துப் பார்க்கணும். புரோக்கருக்கு வழக்கமாக 1 அல்லது 2 சதவீதம். 70 லட்சம் வீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 70,000. கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் அது விற்ற பிறகு கொடுக்கும் காசு. ஆன்லைன் விளம்பரத்துக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் காசு. இந்த வித்தியாசத்தை எந்த பிடிஎஃபிலும் நான் பார்க்கவில்லை.

கூகுள் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஆள் தானாகவே வந்து தேடுகிறான், அதனால் கிளிக்குக்கு மதிப்பு அதிகம். சிக்கல் போட்டியில் இருக்கிறது. செம்பாக்கத்தில் 2பிஎச்கே என்று தேடினால் மேலே வந்து நிற்பது 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங், நோபுரோக்கர். பில்டர் அங்கேயும் காசு கட்டி லிஸ்டிங் போட்டிருப்பார். அதே வார்த்தைக்கு ஏலத்தில் அவர்களோடு போட்டியும் போடுகிறார். தன் காசோடு தானே மோதுவது என்பது இதுதான். அடுத்து, வாடகைக்குத் தேடுபவர்களையும் பிஜி தேடுபவர்களையும் விலக்கும் வார்த்தைப் பட்டியல் போடாவிட்டால் பட்ஜெட்டில் கணிசமான பங்கு அவர்களுக்கே போகும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கூகுள் தானாக வைத்திருப்பது 'அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்கள்'. அபுதாபியில் இருக்கும் செம்பாக்கத்துக்காரருக்குக் காட்ட இது நல்லது. மற்றபடி சம்பந்தமில்லாதவர்களையும் இழுத்து வரும். இதில் ஒரு வேடிக்கை: திருப்போரூர் – செங்கல்பட்டு சாலையில் இன்னொரு செம்பாக்கம் இருக்கிறது, பாலா திரிபுரசுந்தரி கோயில் உள்ள ஊர். அங்கே மனை தேடுபவரும் இங்கே ஃபிளாட் தேடுபவரும் கூகுளில் அடிப்பது ஒரே வார்த்தை. இதையெல்லாம் பார்த்து அமைக்க ஒரு நாள் உட்காரணும். பேக்கேஜ் விற்கும் ஆள் உட்காருவதில்லை, ஈரோட்டு பில்டருக்குப் போட்டதையே காப்பி அடித்து ஊர் பெயரை மாற்றுவார்.

வாங்குபவர் பக்கம் வருவோம். ஒரு ஃபார்மில் தனியாக வைத்திருந்த சிம் நம்பரைக் கொடுத்துப் பார்த்தேன். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை. அந்த பில்டரின் ஆபீஸிலிருந்து ஒரு போன். அதற்குப் பிறகு ஒரகடத்தில் மனை, ஹோம் லோன், மாடுலர் கிச்சன் என்று வேறு வேறு ஆட்கள். அந்த நம்பர் வேறு யாரிடமும் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறிவிட்டது. எதற்காக நம்பர் வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து என்பதுதான் அதன் அடிப்படை. எக்ஸெல் ஷீட்டில் சேர்ந்த நம்பருக்கு அதெல்லாம் தெரியாது. அதேபோல 'இன்னும் 2 வீடு மட்டுமே', 'இந்த வாரம் மட்டும்' என்ற வரிகள். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டு விதி கொண்டுவந்தது. முதலாவது பொய் அவசரம். ஆறு மாதமாக 'இன்னும் 2 வீடு'.

ரெரா சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டம் விளம்பர விஷயத்தில் உண்மையாகவே கடுமையானது. பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது என்கிறது 3-வது பிரிவு. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்தில் பளிச்சென்று இருக்கணும் என்கிறது 11-வது பிரிவு. விளம்பரத்தில் இருந்த பொய்யான தகவலை நம்பி அட்வான்ஸ் கொடுத்து நஷ்டப்பட்டால் இழப்பீடு, விலக விரும்பினால் கட்டிய மொத்தப் பணமும் வட்டியோடு திரும்ப என்கிறது 12-வது பிரிவு. விளம்பரம் என்பது எந்த ஊடகத்திலும் வருவது என்று விளக்கமும் இருக்கிறது, ஆக இன்ஸ்டாகிராம் ரீலும் அதில் அடக்கம். மகாராஷ்டிராவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஒவ்வொரு விளம்பரத்திலும் கியூஆர் கோடு கட்டாயமாக்கினார்கள், ஸ்கேன் செய்தால் திட்டத்தின் பதிவுப் பக்கம் திறக்கும். அருமையான ஏற்பாடு.

ஆனால் அதே 3-வது பிரிவில் ஒரு விலக்கு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் 8-க்கு மேற்படாமலோ இருந்தால் பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்ட் 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். அதில் 8 வீடு. இரண்டு அளவிலும் சரியாகக் கோட்டுக்குக் கீழே! செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் தெருக்களில் எழும் கட்டடங்களில் பெரும்பகுதி இந்த அளவுதான். அவற்றுக்குப் பதிவு எண் கிடையாது, ஆணையத்தின் தளத்தில் பக்கம் கிடையாது, ஸ்கேன் செய்ய எதுவும் கிடையாது. ஏதாவது ஆனால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது, போய் உட்காரலாம். சின்ன பில்டருக்குப் பாரம் ஏற்றக்கூடாது என்று வைத்த விலக்கு நியாயமானது. விளைவு என்னவென்றால், சட்டம் விளம்பரத்தை ஒழுங்கு செய்யும் இடத்தில் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன, வாங்குபவருக்கு விளம்பரத்தைத் தவிர வேறு தகவலே இல்லாத இடத்தில் சட்டம் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடணும், யாரும் பேசாத விஷயம். அமெரிக்காவில் வீட்டு விளம்பரத்தை இனம் பார்த்துக் காட்ட ஃபேஸ்புக் வழி செய்கிறது என்று 2019 மார்ச்சில் அந்நாட்டு வீட்டுவசதித் துறை குற்றச்சாட்டு பதிவு செய்தது. 2022 ஜூனில் நீதித் துறையோடு மெட்டா சமரசத்துக்கு வந்து 1,15,054 டாலர் அபராதம் கட்டியது. தொகை அவர்களுக்குக் கடலை மிட்டாய் காசு, ஆனால் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான். அங்கே இப்போது வீட்டு விளம்பரத்தை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு வைத்துக் குறிவைக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு சில நாடுகளுக்கு மட்டும், இங்கே இல்லை. நம்ம ஊரில் டு-லெட் போர்டிலேயே 'சைவம் மட்டும்' என்று எழுதி மாட்டுவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், போர்டைப் பார்த்து யாராவது திட்டவும் முடியும். அதையே விளம்பர அமைப்பில் சத்தமில்லாமல் செய்துவிட்டால், காட்டப்படாதவனுக்குத் தனக்குக் காட்டவில்லை என்பதே தெரியப் போவதில்லை.

இவ்வளவு குறை சொல்கிறாயே, பில்டர் என்னதான் செய்யணும் என்றால், எனக்குப் பிடித்த விளம்பரம் ஒன்று இருக்கிறது. யூடியூபில் புரோக்கர்களும் பில்டர்களும் போடும் வீடு சுற்றிக்காட்டும் வீடியோ. 12 நிமிஷம், குரல் சுமார், இசை மோசம். வைட் லென்ஸ் போட்டு 10க்கு 10 அறையை மண்டபமாகக் காட்டும் வித்தையும் உண்டு. ஆனாலும் தெருவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தெரு அகலம் தெரிகிறது, பக்கத்து வீடு எவ்வளவு நெருக்கம் என்று தெரிகிறது, கார் நிறுத்தும் இடத்தில் தூண் எங்கே வருகிறது என்று தெரிகிறது. 12 நிமிஷம் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறவன் தற்செயலாக சப்மிட் அழுத்தியவன் இல்லை. எலிவேஷன் படம் செய்யாத வடிகட்டலை இது செய்துவிடுகிறது. காசு வாங்கிக்கொண்டு வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகம் வழியாகவும் அறிமுகப்படுத்துபவர் ரெரா சட்டத்தின் விளக்கப்படி ஏஜென்ட். பதிவான திட்டத்துக்கு வீடியோ போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது தனிக் கேள்வி.

வீடியோவிலும் சொல்லாதவை இருக்கின்றன. யூடிஎஸ், கார்பெட் ஏரியா, கட்டட அனுமதி எண், மழை. இரண்டு கிரவுண்ட் நிலத்தில் எஃப்எஸ்ஐ 2 என்றால் தோராயமாக 9,600 சதுர அடி கட்டலாம், 8 வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,200, நிலப் பங்கு 600. விளம்பரத்தில் 1,200 மட்டும் இருக்கும். மழை பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. 2015-ல் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் வீடு தேடும் ஒவ்வொருவர் மனசிலும் இருக்கிறது, சைட்டுக்கு வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். செம்பாக்கம் ஏரி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகும் ஏரிச் சங்கிலியில் ஒன்று. சாக்கடை கலந்து கெட்டுப்போன அந்த ஏரியை மீட்க நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த், சென்னை ஐஐடி எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. விளம்பரத்தில் ஏரி வரும், 'லேக் வியூ' என்ற பெயரில் மட்டும்.

நானே ஒரு விளம்பரம் எழுதிப் பார்த்தேன். எண்கள் உதாரணத்துக்கு:

'செம்பாக்கம், வேளச்சேரி மெயின் ரோட்டிலிருந்து 600 மீட்டர். 24 அடி தெரு. 8 வீட்டில் 5 விற்பனைக்கு. 2பிஎச்கே, கார்பெட் ஏரியா 860 சதுர அடி, யூடிஎஸ் 600 சதுர அடி. விலை எல்லாம் சேர்த்து 72 லட்சம், பதிவுச் செலவு தனி. கட்டட அனுமதி எண் இது. ரெரா விலக்கு, ஏனென்றால் நிலம் 446 சதுர மீட்டர். 2015-லும் 2023-லும் தெருவில் தண்ணீர் நின்ற உயரம் இவ்வளவு, நம் தரைமட்டம் அதைவிட இவ்வளவு மேலே. நாங்கள் முன்பு கட்டிய இரண்டு கட்டடங்கள் இந்தத் தெருக்களில் இருக்கின்றன, போய் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். ஃபார்ம் இல்லை, இந்த நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.'

தெரிந்த பில்டர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீளமா இருக்கு சார்" என்றார். பிறகு, "யூடிஎஸ் போட்டா பக்கத்துத் தெரு பில்டர் சண்டைக்கு வருவான்" என்றார். விலையை முழுசாகப் போடுவதிலும் அவருக்குத் தயக்கம், பேரம் பேச இடம் இல்லாமல் போகுமாம். ரொம்ப நேரம் பேசி கடைசியில் மூன்று வரியை எடுத்துக்கொண்டார்: அனுமதி எண், பழைய கட்டடங்களின் தெரு, தண்ணீர் உயரம். மூன்றாவதற்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவரில் இருக்கும் கறையை அளக்கணும் என்றார்.